மேடானிலிருந்து சிகிச்சைக்கு வந்த அத்தையைப் பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போகலாமா?

பழைய கிராணி, பீடோங்:

வணக்கம். கேள்வியைத் தலைப்பிலேயே போட்டுவிட்டேன், விவரம் இதுதான். என் அப்பாவின் கடைசித் தங்கைக்கு 71 வயது. இங்கே கெடா மாநிலத்துப் பீடோங்கில் தோட்டத்து லயத்தில் பிறந்து, 1974இல் இந்தோனேசியாவின் மேடானுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். இப்போது பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் வலது முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டு என் வீட்டில் தங்கியிருக்கிறார். மேடானிலிருந்து பினாங்குக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். "ஜகார்த்தா போவதைவிட இங்கே வருவது சுலபம், அங்கே பாதிப் பேர் பல் வலித்தாலும் பினாங்குதான்" என்பார் அத்தை.

அறுவை முடிந்து 16 நாள். தையல் பிரித்தாகிவிட்டது. அடுத்த திங்கள் மறுபரிசோதனை, டாக்டர் சரி என்றால் புதன்கிழமை விமானம்.

முட்டி நன்றாகத்தான் இருக்கிறது, பிரச்சினை சலிப்பு. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் என்ன இருக்கிறது? நான்கு சுவர், ஒரு டிவி, வாக்கரைத் தள்ளிக்கொண்டு கேட் வரை ஒரு நடை. கூட வந்திருக்கும் பேத்திக்கு 19 வயது, அவள் கைப்பேசியில் பழைய கோவில் இடிபாடுகள் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு ஆசை காட்டிவிட்டாள். அங்கே உள்ள மெர்போக் அருங்காட்சியகம் எங்கள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம்தான். "விழுந்துவிட்டால் அவங்க பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?" என்கிறாள் என் மனைவி.

இதற்கு நடுவில் பினாங்கில் ஒரு ஏஜெண்ட் 'குணமாகி வருவோருக்கான வரலாற்றுச் சுற்றுலா' என்று ஒரு தாளைக் கையில் திணித்தார். முதல் நாள் ஜார்ஜ் டவுன், கெக் லோக் சி, பினாங்கு மலை. மறுநாள் பூஜாங் பள்ளத்தாக்கு, ஜெராய் மலை. படிக்கும்போதே எனக்கு மூச்சு வாங்கியது, அத்தனைக்கும் என் முட்டி இரண்டும் சொந்த முட்டி.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வேன் முருகு, சுங்கைப்பட்டாணி:

தாராளமாகப் போகலாம் அண்ணே. பத்து வருடமாக இந்தப் பாதையில் ஓட்டுகிறேன். பட்டர்வொர்த்தில் ஏற்றினால் நெடுஞ்சாலையில் அரை மணி, முக்கால் மணியில் இங்கே வந்துவிடலாம். இந்தோனேசியக் குடும்பங்கள் மாதம் நான்கைந்து வரும், எல்லாம் அறுவை முடிந்து டாக்டர் தேதிக்குக் காத்திருப்பவர்கள். ஹோட்டலில் அடைந்து கிடப்பதற்குப் பதில் காற்றாட ஒரு சுற்று. ராஜேந்திர சோழன் கட்டிய கோவில் இது என்று சொன்னால் தமிழ்க் குடும்பங்கள் கைதட்டாத குறைதான். அப்புறம் மலை மேலே ஏற்றிக் குளிர் காட்டிவிட்டு, வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்து அனுப்புவேன்.

செமிலிங் தாதி:

முருகு தம்பி, உங்கள் பதிலில் நான்கு ஆபத்து இருக்கிறது, பிறகு வருகிறேன். முதலில் கிராணி ஐயா.

எலும்பு வார்டில் 22 வருடம் வேலை பார்த்தவள் நான். 16 நாளில் வெளியே போகக் கூடாது என்று சொல்ல மாட்டேன், நடக்கத்தான் வேண்டும். ஆனால் மூட்டு மாற்றியவருக்கு முதல் சில வாரங்களில் பெரிய பயம் விழுவது மட்டுமில்லை. கெண்டைக்கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைவது. உட்கார்ந்தே இருந்தால் அது வரும். அதனால் காரில் இருபது நிமிடம் சரி, பினாங்கு வரைக்கும் போய் ஜாமில் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொள்வது சரியில்லை. முக்கால் மணிக்கு ஒரு முறை இறக்கி நாலு அடி நடக்க வையுங்கள். உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள், தையல் மெஷின் மிதிப்பது போல. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மருந்தை அன்றைக்கு மறக்க வேண்டாம். கெண்டைக்கால் திடீரென்று வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ சுற்றுலா அங்கேயே முடிந்தது, நேராகச் சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனை அவசரப் பிரிவு.

வேன் வேண்டாம், படி உயரம். கார் முன் சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி, சாய்மானத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துவிட்டால், பின்புறத்தை முதலில் வைத்து உட்கார்ந்து, அப்படியே வழுக்கித் திரும்பிக் காலை உள்ளே எடுக்கலாம். ஓடும்போது பையை எடுத்துவிடுங்கள்.

படி என்று வந்தால் எங்கள் வார்டில் சொல்லும் பாட்டு: ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது அறுத்த கால் முன்னே. ஆனால் மெர்போக்கில் அந்தப் படிகள் வேண்டவே வேண்டாம். அருங்காட்சியகம் சரிவில் இருக்கிறது, பெரிய சண்டி, அதாவது அந்தப் பழைய கல் கோவில், இன்னும் மேலே. மழை பெய்தால் கல் வழுக்கும்.

பழைய கிராணி, பீடோங்:

நன்றி அக்கா. ஆனால் பெரிய சண்டியைப் பார்க்காமல் மெர்போக் போவது, கோவிலுக்குப் போய் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல ஆகாதா?

லூனாஸ்காரன்:

பேசாமல் வீட்டிலேயே வைத்திருங்கள். சண்டி ஆயிரம் வருடமாக அங்கேதான் இருக்கிறது, முட்டி ஆறிய பிறகு வரட்டும். நோயாளியையும் சுற்றுலாப் பயணியையும் ஒரே ஆளாக்கியது ஏஜெண்டுகளின் வேலை. படுக்கையில் இருப்பவனிடமும் காசு பார்க்க வேண்டும் அவ்வளவுதான்.

சரி, அங்கே பார்க்கத்தான் என்ன மிச்சம்? சுங்கை பத்து எஸ்டேட்டில் இருந்த 11ஆம் எண் சண்டியை 2013இல் வீட்டுமனைக்காக இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். செய்தி வந்த பிறகுதான் நமக்கே அப்படி ஒன்று இருந்தது தெரியும். அதையும் சேர்த்துச் சொல்வாரா உங்கள் வழிகாட்டி?

வேன் முருகு, சுங்கைப்பட்டாணி:

ஏஜெண்ட் வேறு, நான் வேறு லூனாஸ். நான் ஓட்டுநர். தாதி அக்கா, அந்த நான்கு ஆபத்து என்ன என்று சொல்லிவிடுங்கள், ராத்திரி தூக்கம் வராது.

செமிலிங் தாதி:

சொல்கிறேன். ஒன்று வேன் படி, அது முடிந்தது.

இரண்டாவது மலை. ஜெராய் 1,217 மீட்டர். முட்டி நோயாளிக்கு அந்த வளைவுச் சாலை அலுப்பு, அவ்வளவுதான். ஆனால் விழித்திரை அறுவை செய்தவர்களுக்குக் கண்ணுக்குள்ளே வாயுக் குமிழி வைத்து அனுப்புவார்கள். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், குமிழி விரியும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், பார்வையே போகலாம். விமானத்தில் ஏறாதே என்று சொல்லியிருப்பார்கள், அதனால்தான் அவர்கள் இங்கே வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். மலையும் அதே கணக்கு என்பது ஓட்டுநருக்கும் தெரியாது, பல நேரம் நோயாளிக்கும் தோன்றாது.

மூன்றாவது இளநீர். சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும் அளவுக்குப் போகலாம். வழியில் பெலிம்பிங் என்ற நட்சத்திரப் பழத்தை நறுக்கி மிளகாய் உப்பு போட்டு விற்பார்களே, அது அதைவிட மோசம். அதில் இருக்கும் நச்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. விக்கல் தொடங்கி வலிப்பு வரை போகும். நல்ல மனதோடு வாங்கிக் கொடுப்பீர்கள், அதுதான் கஷ்டம்.

நான்காவது, "எல்லாம் அறுவை முடிந்து காத்திருப்பவர்கள்" என்று ஒரே மூட்டையாகக் கட்டியது. கண்புரை செய்தவருக்குத் தூசியும் அழுக்குத் தண்ணீரும் ஆகாது, குனிந்து கனம் தூக்கக் கூடாது, நடக்கத் தடையில்லை. நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தவருக்கு நெஞ்செலும்பு ஒட்ட ஆறு வாரத்துக்கு மேல் ஆகும், கையை ஊன்றி எழக் கூடாது, சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் சின்னத் தலையணை வேண்டும். கீமோ முடித்தவருக்கு ஊசி போட்ட இரண்டாவது வாரத்தில் வெள்ளணு தரைக்கு வந்துவிடும், அந்த வாரம் பள்ளிப் பிள்ளைகள் கூட்டத்துக்குள் போகவே கூடாது. ஏற்றும் முன்னே என்ன அறுவை, எத்தனை நாள், என்ன மருந்து, டாக்டர் எழுதிக் கொடுத்த டிஸ்சார்ஜ் கடிதம் கையில் இருக்கிறதா, இதைக் கேட்கிறீர்களா?

வேன் முருகு, சுங்கைப்பட்டாணி:

உண்மையைச் சொல்கிறேன் அக்கா, கேட்டதில்லை. எத்தனை பேர், எத்தனை மணிக்கு, இவ்வளவுதான் கேட்பேன்.

போன வருடம் ஒருவர், ஒரு கண்ணில் கட்டு, கையில் ஒரு வளையம். ஹோட்டல் வளையம் என்று நினைத்தேன். மலைக்குப் போகும் வழியில் குரூனில் எண்ணெய் அடிக்க நிறுத்தினேன். அவர் மனைவிக்குத்தான் சந்தேகம் வந்து வளையத்தில் இருந்த எண்ணுக்கு அடித்துக் கேட்டார். திரும்பு என்றார்கள். அப்போது எனக்கு எரிச்சல், ஒரு நாள் வேலை போச்சே என்று. இப்போதுதான் வளையம் எதற்கு என்று புரிகிறது.

கடாரத்தான்:

உடம்பு விஷயம் தாதி அக்கா சொல்லிவிட்டார். இப்போது ஐந்தாவது ஆபத்து என்னிடம்: "ராஜேந்திர சோழன் கட்டிய கோவில்."

முருகு அண்ணே, கோபிக்க வேண்டாம். 1025ஐ ஒட்டி ராஜேந்திரனின் கப்பற்படை இங்கே வந்தது, கட்ட வரவில்லை. அடிக்க வந்தது. அவன் புகழைச் சொல்லும் கல்வெட்டுப் பாடலான மெய்க்கீர்த்தி இந்தப் படையெடுப்பை 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்று தொடங்கி, பிடித்த ஊர்களை வரிசையாகச் சொல்லி, 'தொடுகடற் காவல் கடுமுரண் கடாரம்' என்று, அதாவது நம் கெடாவோடு, முடிக்கிறது. கோவில் கட்டினான் என்று அதில் ஒரு வரி கிடையாது. மெர்போக்கில் உள்ள அந்தப் பெரிய சண்டியை, புக்கிட் பத்து பஹாட் சண்டியை, இன்னார் எழுப்பினார் என்று சொல்லும் கல்வெட்டும் கிடையாது. சிவன் கோவில் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். கருவறைப் பகுதியான விமானம், முன்னே மண்டபம், அதில் மரத்தூண் நிற்கக் குழி வெட்டிய கல். மேல்கட்டு மரமும் ஓலையுமாக இருந்து மக்கிவிட்டது, கல் அடித்தளம் மட்டும் நிற்கிறது. அடியில் புதைத்த கல் பேழைகளும் கிடைத்தன. 1936, 37இல் குவாரிச் வேல்ஸ் தோண்டினார், 1959இல் அலஸ்டர் லாம்ப் மறுபடியும் ஆராய்ந்து கல்லைக் கல்லோடு பொருத்தி எழுப்பினார். 'பத்து பஹாட்' என்றால் செதுக்கிய கல், ஊர்க்காரர்கள் வைத்த பெயரே விஷயத்தைச் சொல்கிறது.

நம் கதை சோழனோடு தொடங்கவும் இல்லை. சீனப் பிக்கு யிஜிங் 671இல் புறப்பட்டு இந்தியா போகும் வழியில் கெடாவில் தங்கினார். அதற்கும் முன்னே, ஐந்தாம் நூற்றாண்டில், மாநாவிகன் புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவன் பயணம் நல்லபடி முடிய வேண்டிக் கல்லில் பொறித்து வைத்தான். 1834இல் ஜேம்ஸ் லோ அதைக் கண்டெடுத்தார், இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பட்டினப்பாலை 'காழகத்து ஆக்கம்' என்கிறது, பழைய உரைகாரர் காழகம் என்பதைக் கடாரம் என்றே சொல்கிறார். நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் சூடாமணி விகாரை எழுப்ப, அதற்கு ஆனைமங்கலத்தை எழுதி வைத்தவன் ராஜராஜன். அப்பா நிலம் கொடுத்தார், மகன் கப்பலோடு வந்தார். இந்தக் கதை கைதட்டலுக்குக் குறைச்சலா?

லூனாஸ்காரன்:

அடித்தான் என்று சொன்னால் காசு வராது கடாரத்தான், கட்டினான் என்றால்தான் வரும்.

கடாரத்தான்:

வரும். சொல்கிற விதத்தில் இருக்கிறது. செமிலிங் பக்கம் சுங்கை பத்துவில் 2009லிருந்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டினார்கள். இரும்பு உருக்கிய உலைகள், உலைக்குக் காற்று ஊதிய மண் குழாய்கள் குவியல் குவியலாக, செங்கல் படகுத்துறை. எவ்வளவு பழையது என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே இன்னும் சண்டை. ஆனால் அந்த மண் குழாயைப் பார்த்தால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை, நம் ஊர்க் கொல்லன் பட்டறைத் துருத்தி மூக்கு அப்படியே.

கிராணி ஐயா, அத்தை மேடான் என்றீர்களே. அந்த மெய்க்கீர்த்தியில் 'துறைநீர்ப் பண்ணை' என்று ஒரு ஊர் வருகிறது. சுமத்ராவின் வடகிழக்குக் கரையில் உள்ள பனாய் அது. கடாரத்தை அடித்த அதே கப்பல்கள் அத்தையின் பக்கமும் போயிருக்கின்றன. மேற்குக் கரையில் பாருஸ் பக்கம் லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது, 'திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர்' என்ற வணிகக் கூட்டம் பொறித்தது. அத்தைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

பெலவான் செல்வி:

நான் மேடான் பக்கம்தான், பெலவான். தமிழ் எழுதப் பெரிய வயதில்தான் கற்றேன், பிழை இருந்தால் பொறுங்கள்.

மேடானிலேயே கோத்தா சினா என்று ஒரு இடம் உண்டு, மாரெலான் பக்கம். சீனப் பானை ஓடுகளும் சோழர் பாணியில் விஷ்ணு, புத்தர் சிலைகளும் கிடைத்த பழைய துறைமுகம். என் அம்மா அதற்குப் பக்கத்தில் நாற்பது வருடம் இருந்தும் போனதில்லை. உடம்பு சரியில்லாமல் பினாங்கு வந்தபோதுதான் அருங்காட்சியகம் பார்த்தார். சும்மா இருக்கும் நேரம் அப்போதுதான் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்குக் கீமோ. இரண்டு வருடத்தில் எட்டு முறை வந்தோம். ஒரு முறை ஒரு ஏஜெண்டின் சுற்றுலாவில் போனோம், அம்மாவுக்கு நடுவில் படுக்க ஓர் இடம் இல்லை. கழிப்பறை எங்கே என்று வழிகாட்டிக்கே தெரியவில்லை. ஓர் இடத்தில் நெடுநேரம் வெயிலில் நிற்க வைத்து யார் யார் எந்த வருடம் ஆண்டார்கள் என்று ஒப்பித்தார். சில கீமோ மருந்துக்கு வெயில் பட்டால் தோல் எரியும், அது அவருக்குத் தெரியாது. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, திரும்பியதும் "நல்லா இருந்துச்சு" என்றார். நோயாளிகள் அப்படித்தான் சொல்வார்கள், மற்றவர்கள் காசு செலவழித்திருக்கிறார்களே என்று. அவர்கள் "போதும்" என்று சொல்லும் வரை காத்திருக்காதீர்கள்.

ஆனால் வீட்டிலேயே வைத்திரு என்று சொன்ன அண்ணனோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஓட்டல் அறையில் உட்கார்ந்து அடுத்த ரத்தப் பரிசோதனையை நினைத்துக்கொண்டே இருப்பது பெரிய நோய். அம்மாவுக்குப் பிடித்தது எது தெரியுமா? காலையில் படகில் தீவிலிருந்து பட்டர்வொர்த்துக்கு வந்து, அதே படகில் திரும்பிப் போனது. உட்கார்ந்தபடியே கோட்டையும் துறையும் பார்த்தார். வேறு எதுவும் செய்யவில்லை.

செமிலிங் தாதி:

செல்வி, இதை அச்சடித்து ஒவ்வொரு வார்டிலும் ஒட்டலாம்.

வேன் முருகு, சுங்கைப்பட்டாணி:

சட்டம் பற்றியும் ஒன்று. யாராவது இந்த இழையைப் படித்துவிட்டு நாளைக்கே சொந்தக் காரில் கூலிக்கு ஆள் ஏற்ற ஆரம்பிக்க வேண்டாம். கூலிக்கு வழிகாட்ட, 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி உரிமம் வேண்டும், கூலிக்கு ஆள் ஏற்றும் வண்டிக்கும் தனி உரிமம். என் வண்டிக்கு இருக்கிறது, எனக்கு வழிகாட்டி உரிமம் இல்லை. அதனால் இனிமேல் சோழன் கதையை நான் சொல்ல மாட்டேன், கடாரத்தான் நிம்மதியாகத் தூங்கலாம். கிராணி அண்ணே சொந்த அத்தையைக் கூட்டிப் போவதற்கு யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று, வெள்ளி சனி போகாதீர்கள். கெடாவில் விடுமுறை, கூட்டம் வரும். ஞாயிறு காலை நமக்கு வேலை நாள், வெறிச்சென்று இருக்கும்.

லூனாஸ்காரன்:

செல்வி தங்கச்சி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ஒரு யோசனை. அத்தை பிறந்தது பீடோங் லயத்தில். அவருக்குக் கல் சண்டியைவிட அவருடைய தோட்டம் பெரிய வரலாறு இல்லையா? ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைக்கு எதிராக நின்றது 1946, 47இல். அது நடந்த மண் இது. எந்த ஏஜெண்ட் தாளிலாவது அது இருக்கிறதா? மேடான் பக்கம் டெலியில் 1863இல் டச்சுக்காரன் புகையிலை போட ஆரம்பித்தான், கெடாவில் வெள்ளைக்காரன் ரப்பர் போட்டான். அங்கேயும் நம் ஆள், இங்கேயும் நம் ஆள். ஏறி உட்கார்ந்து கேட்க வேண்டிய கதை இதுதான்.

பழைய கிராணி, பீடோங்:

லூனாஸ், நீங்கள் உருப்படியாக ஒன்று சொல்லி இப்போதுதான் பார்க்கிறேன்.

அத்தையிடம் கேட்டேன். சண்டி பார்க்க வேண்டுமா, தோட்டம் பார்க்க வேண்டுமா? "சண்டி பேத்திக்கு, தோட்டம் எனக்கு" என்றார். டாக்டருக்கும் அடித்துக் கேட்டேன், குறுந்தூரம், சமதரை, வாக்கரோடு, படி கூடாது என்றார். தாதி அக்கா சொன்னதேதான். ஞாயிறு காலை எட்டரைக்குக் கிளம்புகிறோம், பதினொன்றுக்குள் வீடு. மனைவி இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறாள், ஆனால் பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றும் சத்தம் கேட்கிறது.

பழைய கிராணி, பீடோங் (ஞாயிறு இரவு):

போய் வந்துவிட்டோம். எல்லோரும் நலம். நடந்ததை எழுதுகிறேன், நீளமாக இருக்கும்.

பிளாஸ்டிக் பை வித்தை அருமை. அத்தை இரண்டாம் முறை தானே செய்தார். மெர்போக்கில் அருங்காட்சியகத்துக்குள் கால் மணிதான். கண்ணாடிக்குள் இருந்த பானை ஓடுகளைப் பார்த்து, "இதே மாதிரி நீலப் பூப்போட்ட ஓடு எங்க வீட்டுப் பின்னால உழும்போது வரும்" என்றார். மேடானில் எந்த இடம் என்று கேட்டேன், மாரெலான் என்றார்! செல்வி, உங்கள் கோத்தா சினாவுக்குப் பக்கம் போலிருக்கிறது. பேரன் ஓடுகளை எல்லாம் ஓடையில் எறிந்து விளையாடுவானாம். கடாரத்தான் இதைப் படித்துத் தலையில் அடித்துக்கொள்ளலாம்.

பெரிய சண்டிக்கு அத்தை ஏறவில்லை. ஓடைச் சத்தம் கேட்கும் இடத்தில் நாங்கள் கொண்டுபோன நாற்காலியில் உட்கார்ந்தார். பேத்தி மேலே போய்க் கைப்பேசியில் காட்ட, இவர் கீழே இருந்து கட்டளை போட்டார். வலது பக்கம் காட்டு, அந்தக் குழி என்ன, அதற்குள் கையை விடு, பாம்பு இருக்கப் போகிறது விடாதே. தூண் நின்ற குழி என்று நான் சொன்னேன். சோழனைப் பற்றியும் கடாரத்தான் சொன்ன மாதிரியே சொன்னேன், அடித்தவன் என்று. "அப்போ நம்ம பக்கமும் அடிச்சிருக்கானா?" என்றார். பண்ணை என்றேன். சிறிது நேரம் கழித்து, "அவன் வந்தான், அடிச்சான், போயிட்டான். நாம வந்தோம், போகவே இல்ல" என்றார். வழிகாட்டி உரிமம் அத்தைக்குக் கொடுக்கலாம்.

முட்டிக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தவறு வேறு இடத்தில் நடந்தது, என் தவறு. வலி மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டேன். ஒன்பதரைக்குச் சாப்பிட வேண்டியது. தாதி அக்கா ரத்த மருந்தை நினைவுபடுத்தினார், அதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டேன். பத்தரைக்கு முகம் மாறியது. கேட்டால் "ஒண்ணுமில்ல". செல்வி எழுதியது ஞாபகம் வந்தது, அதனால் தோட்டத்தில் நினைத்ததில் பாதிதான் சுற்றினோம்.

தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. ரப்பர்ப் பால் மரம் ஒன்றுகூட இல்லை, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணமும் இல்லை, பால் ஸ்டோரும் இல்லை. லயத்தை இடித்துப் பல வருடமாகிறது. மாரியம்மன் கோவிலும் ஒரு கிணறும் மிச்சம். காரைவிட்டு இறங்கிப் பத்து அடி நடந்தார். கிணற்றை வைத்துக் கணக்குப் போட்டார்: இங்கே பெரட்டுக் களம், காலை ஐந்தரைக்கு மேற்பார்க்கும் தண்டல் பெயர் கூப்பிடுவார், அதோ அங்கே ஆயாக் கொட்டகை, குழந்தைகளை விட்டுவிட்டு அம்மாக்கள் பால் வெட்டுக்குப் போவார்கள். பேத்திக்குத் தமிழ் பாதிதான் புரியும், ஆனால் கைப்பேசியில் எல்லாவற்றையும் பதிவு செய்தாள். என் தாத்தா தொண்டர் படையில் இருந்தாராம். எனக்கே தெரியாது. அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை.

பிறகு சண்டை வந்துவிட்டது. கள்ளுக்கடை கோவிலுக்குக் கிழக்கே என்கிறார் அத்தை. மேற்கே, லோரி நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் என்பது என் நினைவு. அந்தத் தோட்டத்தில் 30 வருடம் கணக்கு எழுதியவன் நான். "நீ பொறக்கும்போதே அந்தக் கடை இடம் மாறிடுச்சு, உனக்கு என்ன தெரியும்" என்கிறார். வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டு, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து, ஐஸ் ஒத்தடம் கொடுக்கும்போதும் அதே பேச்சு. சாப்பாட்டின்போதும் அதேதான். ஆனால் கேட் வரை நடப்பதற்கு முனகிய மனுஷி, இன்றைக்குச் சொல்லாமலே மூன்று முறை முற்றத்தில் நடந்தார்.

செமிலிங் தாதி:

வலி மாத்திரைக்கு இனிமேல் கைப்பேசியில் அலாரம் வையுங்கள் ஐயா. ராத்திரி கெண்டைக்காலைத் தொட்டுப் பாருங்கள், சூடோ வீக்கமோ இருந்தால் திங்கள் வரை காத்திருக்க வேண்டாம்.

லூனாஸ்காரன்:

கிழக்கேதான். என் பெரியப்பா அந்தக் கடைக்கு வாடிக்கை.

வேன் முருகு, சுங்கைப்பட்டாணி:

அண்ணே, வியாழக்கிழமை எனக்கு ஒரு குடும்பம் வருகிறது, ஆச்சேயிலிருந்து. இந்த முறை கேட்டுவிட்டேன்: கண்புரை, ஐந்து நாள், வாயு இல்லை, சர்க்கரை உண்டு, சிறுநீரகம் சரி. மலையை வெட்டிவிட்டேன். சுங்கைப்பட்டாணி மணிக்கூண்டை வண்டியிலிருந்தே காட்டிவிட்டு, மெர்போக்கில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். தூசிக்கு மூடிய கண்ணாடி எங்கே வாங்கலாம்? அப்புறம் அந்த மடக்கு நாற்காலியை ஒரு நாளைக்குக் கொடுப்பீர்களா?

பழைய கிராணி, பீடோங்:

நாற்காலி தருகிறேன், புதன் மாலை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அத்தை விமானம் ஏறியிருப்பார். கண்ணாடி, பீடோங் பசாரில் இரும்புச் சாமான் கடையில் பார்த்த ஞாபகம். லூனாஸ், உங்கள் பெரியப்பா எந்த வருடம் வாடிக்கை என்று மட்டும் சொல்லுங்கள், அத்தை கேட்கிறார்.